அணி காணும் கண்



அணியிலக்கணம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் பிள்ளைகள் மிகப் பலர். குற்றம் பிள்ளைகள் மேலதன்று. பாட்டைக் காட்டுமுன் அணியின் பெயரைக் கொடுத்து, பொருளை உணர்த்துமுன் இலக்கணத்தை உருப்போடச் செய்து, உருப்போட்டதை விடைத்தாளில் இறக்கிவைக்கச் சொல்லும் முறையின் மேலதே குற்றம்.

தேர்வில் 'நயம் பாராட்டுக' என்றொரு வினா வருகின்றது. அதற்கு ஆயத்தமாய் ஒரு விடை வைத்திருக்கும் மாணாக்கர் எத்தனை பேர்! மையக் கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி எனத் தலைப்புகள் வரிசையாய் நிற்கும். 'இப்பாடலில் பாவலர் உவமையணியை அழகுறக் கையாண்டுள்ளார்' என்றொரு தொடர் தவறாது இடம்பெறும். வினாத்தாளில் வந்த பாட்டு எதுவாயினும் இத்தொடர் மாறுவதில்லை. பாட்டைப் படியாமலே எழுதத்தக்க பாராட்டு பாராட்டாகுமா? கண்ணை மூடிக்கொண்டு ஓவியத்தைப் புகழ்வது போன்றதன்றோ அது!

இந்நிலை மாற வேண்டுமாயின், அணி என்பது ஒட்டப்படும் பெயர்ச்சீட்டன்று, பொருளைக் காணும் ஒரு கண் என்பதைப் பிள்ளைகட்கு உணர்த்த வேண்டும். அதனை உணர்த்தத் தமிழ்நாட்டிலேயே மிகத் தகுதி வாய்ந்த வகுப்பறை ஒன்று உண்டு. அதுவே சவ்வாது மலை.

மலையும் பாட்டும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது சவ்வாது மலை. அங்கு வாழ்வோருட் பெரும்பான்மையர் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்தம் வாய்மொழி தமிழே. சாமை விதைப்பதும், தேனெடுப்பதும், புளியும் கடுக்காயும் திரட்டுவதும் அவர்தம் வாழ்வு. அம்மலையிற் பிறந்து தென்பால் இறங்கிச் செங்கத்தின் வழியே ஓடுகின்றது சேயாறு.

அச் செங்கமே பண்டு செங்கண்மா எனப்பட்ட ஊர். நன்னன் சேய் நன்னன் என்னும் தலைவன் அதனை ஆண்டான். அவனைப் பாடியது பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். அடிகள் 583. பத்துப்பாட்டுள் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த பெரிய பாட்டு இது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு மலைவழி காட்டுவதாக அமைந்தமையின் கூத்தராற்றுப்படை எனவும் இதனை வழங்குவர். சேயாறும் இப்பாட்டில் வருகின்றது. பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலையே என்பது பலர் கருத்து. எஃது எவ்வாறாயினும், பாட்டின் நிலம் செங்கத்தைச் சூழ்ந்த மலைநாடு என்பதில் ஐயமில்லை.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை 1889-இல் அச்சேற்றித் தந்தார் உ.வே. சாமிநாதர். நூற்றாண்டுக்கு மேலாக இப்பாட்டு அச்சில் உள்ளது. ஆயினும் அம்மலைநாட்டுப் பிள்ளைகளுட் பலர், தம் மலையைச் சூழ்ந்த நிலத்தில் இத்தகு பாட்டொன்று எழுந்தது என்பதை அறியாமலே பள்ளி வாழ்வை முடிக்கின்றனர். உவமைக்கு எடுத்துக்காட்டு வேண்டி எங்கெங்கோ தேடும் ஆசிரியர், சன்னலுக்கு வெளியே நிற்கும் மலையைக் காட்ட மறந்துவிடுகின்றார்.

தொல்காப்பியர் வகுத்த நான்கு வாயில்

தொல்காப்பியர் உவமைக்கென்றே பொருளதிகாரத்துள் உவமவியல் என்னும் தனி இயல் வகுத்தார். உவமை தோன்றும் வாயில்களாக அவர் காட்டியவை நான்கு: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்பது வினை. விளைவால் ஒப்பது பயன். வடிவால் ஒப்பது மெய். நிறத்தால் ஒப்பது உரு. இந்நான்கும் உருப்போட வேண்டியவை அல்ல. கண் முன் நிற்கும் பொருளை நோக்கிக் கேட்க வேண்டிய வினாக்கள் அவை.

மலைபடுகடாத்தில் விளைபுலத்தைப் பாடும் பகுதியைக் காண்க. சிறியதோர் இடத்திற்குள் உவமைகள் கதிர்க்கட்டுப் போல் நெருங்கிக் கிடக்கின்றன.

அவரையின் பூ உதிர்ந்து கிடப்பது, முற்றிய தயிர் தெறித்துக் கிடப்பது போன்றுள்ளதாம். இங்கு ஒத்தது நிறம், எனவே உரு. அவரையின் வளைந்த காய் அரிவாள் போன்றுள்ளதாம். இங்கு ஒத்தது வடிவம், எனவே மெய். செடி ஒன்றே. அதன் பூவை ஒரு வாயிலாலும் காயை மற்றொரு வாயிலாலும் காண்கின்றார் பாவலர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், மெய் வேறு, உரு வேறு என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு நொடியில் விளங்கும்.

அசையும் கரும்பைக் காண்க. வேலேந்திய கூட்டம் நிலைகெட்டுப் பெயர்ந்தாற்போல அது அசைகின்றதாம். கரும்பும் வேலும் நீண்டு நிற்பன என்ற அளவில் வடிவும் ஒக்கின்றது. ஆயினும் பாவலர் கண் சென்றது அவற்றின் அசைவின்மேல். எனவே வினை சிறந்து நிற்கின்றது. ஓர் உவமையில் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில் திறந்திருத்தலும் உண்டு என்பதற்கு இது சான்று. பயனுக்கு எடுத்துக்காட்டு வேண்டின் வள்ளலின் கையை மழையோடு ஒப்பிடும் வழக்கைக் காட்டுக. கைக்கும் மழைக்கும் வடிவில் ஒப்புமை இல்லை, நிறத்திலும் இல்லை. பெறுவோர்க்கு விளையும் நலத்திலேயே ஒப்புமை உள்ளது.

வரகும் வாதிடுவோன் கையும்

இப்பகுதியுள் மிக வியக்கத்தக்க உவமை வரகைப் பற்றியது. கவைத்து வளைந்த வரகின் கதிரை வாதிடுவோன் கைக்கு ஒப்பிடுகின்றார் பாவலர்.

மாணாக்கரைக் கேட்க: ஏன் வாதிடுவோன் கை? கை என்று மட்டும் சொன்னால் ஆகாதா? ஆகாது. வேலை செய்யும் கை பொருளைப் பற்றியிருக்கும். உறங்குவோன் கை தளர்ந்து கிடக்கும். தன் கருத்தை நிறுவ முனைவோன் கையே விரல்கள் பிரிந்து, வளைந்து, ஒன்றைச் சுட்டிச் சுட்டி இறங்கும். வரகின் கதிரும் அவ்வாறே விரல் விரலாய்ப் பிரிந்து வளைந்து நிற்கும். வரகுக் கதிரைக் கண்ட பிள்ளைக்கு உவமையின் ஒரு பாதி முன்பே தெரியும். ஊர்க்கூட்டத்தில் வழக்குரைக்கும் பெரியவரைக் கண்டிருப்பின் மறுபாதியும் தெரியும். இரண்டையும் இணைக்கும் வேலை ஒன்றே எஞ்சியுள்ளது. இணைத்த அளவில், காற்றில் அசையும் வரகுப் புலம் முழுதும் வாதிடுவோர் அவையாகிவிடுகின்றது! இதனைக் கண்டு நகைத்த பிள்ளை உவமையை இனி மறவாது.

ஒரு பொருளை ஆழ்ந்து நோக்கியவரே உவமை சொல்ல வல்லவர்; அவ்வுவமையைச் சுவைக்க வல்லவரும் அப்பொருளை நோக்கியவரே. தினைக் கதிர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலை, விளையாட்டாய்ப் பொருதும் யானைக் கன்றுகளின் பிணைந்த துதிக்கைகளாகக் கண்டார் இப்புலவர். வழியிற் கிடக்கும் கரும்பாறைகளை எருமைகளாகக் கண்டார். கூத்தர் தம் இசைக்கருவிகளைக் கட்டிச் சுமந்த பைகளைப் பலாவின் காய்க்கொத்தாகக் கண்டார். பலாக்காய் மரத்தில் தொங்கக் கண்ட பிள்ளைக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

காவலூர் வானமும் முசுண்டைப் பூவும்

இன்னும் ஒன்று காண்க. முசுண்டைக் கொடி வெண்ணிறமாய்ப் பூத்திருத்தலை, அகன்ற கருவானில் ஒளிரும் ஆரல் மீன்கட்கு ஒப்பிடுகின்றது மலைபடுகடாம். ஆரல் என்பது கார்த்திகை மீன்கூட்டம். அறுமீன் எனவும் படும். வெறுங்கண்ணுக்கு ஆறேழு புள்ளிகளாய் நெருங்கித் தோன்றும். தொலைநோக்கியின்வழி நோக்குவார்க்கோ நூற்றுக்கணக்கில் விரியும்.

இவ்வுவமையின் உயிர்நிலை எது? பூவின் வெண்மை மட்டுமன்று. இலைச்செறிவின் கருமையும் ஆகும். வான் இருண்டிருந்தாலன்றி ஆரல் விளங்காது. தழை செறிந்து இருண்டிருந்தாலன்றி முசுண்டைப் பூ அவ்வாறு விளங்காது. விளக்கொளி மிகுந்த பெருநகரில் வளரும் பிள்ளை ஆரலைத் தெளிவாகக் காண்பது அரிது. அப்பிள்ளைக்கு உவமையே பொருளினும் அறியாப் பொருளாகிவிடுகின்றது. சவ்வாது மலைப் பிள்ளைக்கு அவ்விடர் இல்லை. விண்மீன் நோக்குதற்கேற்ற இருண்ட வானம் வாய்த்தமையாலன்றோ அம்மலையின் காவலூரில் வான்காணகம் அமைத்தனர்! 1986-இல் அங்கு 2.34 மீட்டர் ஆடி பொருந்திய தொலைநோக்கி நிறுவப்பெற்று, வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் அக் காணகத்துக்குச் சூட்டப்பெற்றது. அறிவியலார் எந்த வானைத் தேடி அம்மலைக்கு வந்தனரோ, அந்த வானை உவமையாக்கிய பாட்டு அம்மலைநாட்டிலேயே முன்னர்ப் பிறந்துள்ளது.

பெயரே ஓர் அணி

உவமைக்கு உறுப்பு நான்கு: சொல்லவந்த பொருள், அதற்கு ஒப்பாக்கிய உவமை, இரண்டுக்கும் பொதுவான தன்மை, இரண்டையும் இணைக்கும் போல, அன்ன, புரைய முதலிய உருபு. உருபு மறைந்து நின்றால் உவமைத்தொகை. பொருள் வேறு, உவமை வேறு என்னும் எல்லையே அழிந்து, அதுவே இது என ஒன்றாக்கிச் சொன்னால் உருவகம். 'மலை போன்ற தோள்' என்பதற்கும் 'தோளாகிய மலை' என்பதற்கும் உள்ள வேற்றுமையை எல்லா ஆசிரியரும் கற்பிப்பர். ஆயின் பிள்ளைகள் இடறி விழும் இடம் அடுத்த படி. அதற்குப் பாடநூல் இட்ட பெயர் 'ஏகதேச உருவகம்'.

ஏகதேசம் என்றால் என்ன? பிள்ளைக்குத் தெரியாது. பெயரைக் கேட்ட அளவிலேயே கதவு அடைபடுகின்றது. தொடர்புடைய இரண்டனுள் ஒன்றை மட்டும் உருவகித்து மற்றொன்றை உருவகிக்காமல் விடுவதே அவ்வணி. 'ஒருமருங்கு உருவகம்' என்று தமிழிற் சொல்லின் பெயரே பொருளைச் சொல்லிவிடும். ஒரு பக்கம் உருவகமாயிற்று, மறுபக்கம் விடப்பட்டது, அவ்வளவே. பிறமொழிப் பெயரால் அறிவு வளர்வதில்லை. நினைவுச் சுமையே வளர்கின்றது. சிலேடை என்பதை இரட்டுறமொழிதல் என்ற போது எத்தனை பிள்ளைகட்கு அது விளங்கிற்று என்பதை ஆசிரியர் அறிவர்.

அவ்வொருமருங்கு உருவகத்துக்கு எடுத்துக்காட்டு யாது? மலைபடுகடாம் என்னும் பெயரே! கடாம் என்பது யானையின் கன்னத்தில் ஒழுகும் நீர். யானை சினந்து செருக்குற்ற காலத்தே அது பெருகும். வண்டினம் சூழ்ந்து முரலும். மலையில் எழும் ஓசையைக் கடாம் என்றார் புலவர். மலையை யானை என்று வாய்திறந்து சொன்னாரில்லை. ஓசை உருவகமாயிற்று, மலை விடப்பட்டது. விடப்பட்ட அதனைக் கற்போர் உள்ளமே நிறைத்துக்கொள்கின்றது. சொல்லாமல் விட்டமையாலேயே கற்போர் கண்முன் பெருங்களிறு ஒன்று எழுந்து நிற்கின்றது. மலையை யானையாக உவமித்து அதன் ஓசையைக் கடாம் எனச் சிறப்பித்தமையால் இப்பெயர் வந்தது என்று நச்சினார்க்கினியரும் உரைத்தார்.

அவ்வோசைகள் யாவை? அருவி வீழும் ஓசை, தேனெடுத்த குறவர் மகிழ்ந்து ஆர்க்கும் ஓசை, புலியால் புண்பட்ட கணவர்க்காக மனைவியர் பாடும் பாட்டு, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கிளி கடியும் தட்டையின் ஒலி, கரும்பாலை ஒலி எனப் பலவற்றை அடுக்கிச் செல்கின்றார் புலவர். உழைப்பும் நோவும் களிப்பும் ஒருங்கே கலந்த ஒலி அது. மலையின் கடாம் என்றது இயற்கையின் ஒலியை மட்டுமன்று. மக்கள் வாழ்வின் ஒலியையும் ஆகும்.

அணிகள் எத்தனை?

தொல்காப்பியர் உவமையையே விரித்தோதினார். உருவகம் முதலியவற்றைத் தனித்தனிப் பெயர் கொடுத்து எண்ணினாரில்லை. பின்னர், பன்னிரண்டாம் நூற்றாண்டையொட்டி, வடமொழித் தண்டியின் காவ்யாதர்சத்தை முதனூலாகக் கொண்டு தண்டியலங்காரம் எழுந்தது. அது பொருளணிகளை 35 ஆக எண்ணிற்று. பெயர்கள் பெருகின. பெயரறிவு தீதன்று, வகைப்படுத்தலும் அறிவே. ஆயின் வேர் உவமை என்பதை விட்டுக் கிளைகளை மட்டும் எண்ணுவோர்க்கு மரம் விளங்காது.

வேரிலிருந்து பிள்ளையை ஏற்றிச் செல்க. அருவி வீழ்கின்றது, உள்ளதை உள்ளவாறே சொன்னால் தன்மை நவிற்சி. சமுனாமரத்தூரை அடுத்த பீமன் அருவியை நோக்கி, 'பெயர்ந்து சென்ற தன் மக்களைத் தேடி மலை கீழிறங்குகின்றது' என்று ஒரு மாணவி சொன்னால், இயல்பாய் நிகழும் நிகழ்ச்சிமேல் தன் குறிப்பை ஏற்றினாள், அது தற்குறிப்பேற்றம். மாணவியே சொல்லிவிட்டபின் இலக்கணம் கடுமையாகுமா?

பாட்டி ஒருத்தி, உறியில் இருந்த தேனைத் தொட்ட பேரனை நோக்கி, 'கரடி வாயை இன்னும் துடைக்கவில்லை போலும்' என்றால், உவமையைச் சொல்லிப் பொருளை விட்டாள், அது பிறிதுமொழிதல். கருப்பொருளைச் சொல்லி, அதனோடொத்த வேறொரு பொருளைக் கேட்போரே உய்த்துணரச் செய்தல் உள்ளுறை. அகப்பாட்டின் தோழி செய்யும் இவ்வேலையின் எளிய வடிவை வீட்டுப் பாட்டியும் நாடோறும் செய்கின்றாள். பேச்சில் அணியில்லாத குடி உலகில் இல்லை.

ஆசிரியர்க்கு ஐந்து வினா

எனவே வகுப்பில் அணியின் பெயரை இறுதியிலேயே சொல்லுக. முதற்கண் ஐந்து வினாக்களைக் கேட்க.

சொல்லவந்த பொருள் எது? எதனோடு ஒப்பிட்டார்? இரண்டும் எதில் ஒத்தன. வினையிலா, பயனிலா, மெய்யிலா, உருவிலா? இணைக்கும் சொல் வெளிப்பட நின்றதா, மறைந்ததா, எல்லையே அழிந்ததா? இவ்வொப்பீட்டால் அப்பொருளைப் பற்றி முன்பு காணாத எதனைக் கண்டாய்?

முதல் நான்கு வினாவுக்கு விடை வந்தால் அணியின் பெயர் தானே வந்து நிற்கும். ஐந்தாவதற்கு விடை வந்தாலே நயம் பாராட்டியதாகும். அவ்விடையை எவரும் முன்கூட்டி எழுதிவைத்தல் இயலாது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வேறுவேறு. அதன்பின், பிள்ளைகளைப் புலத்துக்கு அழைத்துச் சென்று, சாமைக் கதிருக்கு ஓர் உவமை, நாவற்பழத்துக்கு ஓர் உவமை, மழைக்குமுன் வரும் காற்றுக்கு ஓர் உவமை எனச் சொல்லச் செய்க. பழைய உவமையைச் சொன்னால் ஏற்க வேண்டா. தாம் கண்டதைச் சொல்லுமளவும் காத்திருக்க.

இழிக்கும் உவமையும் உயர்த்தும் உவமையும்

உவமை உயர்ந்த பொருளாய் இருத்தல் வேண்டும் என்றார் தொல்காப்பியர். இஃது அழகின் இலக்கணம் மட்டுமன்று. அறத்தின் இலக்கணமும் ஆகும். நாள்வழக்கில் திரியும் சில உவமைகளை நோக்குக. நாகரிகம் அறியாதவனைக் 'காட்டான் போல' என்பர். பேசத் தெரியாதவனை 'மலையிலிருந்து இறங்கியவன் போல' என்பர். மலைமேல் பள்ளி முடித்துச் சமவெளிக்கு மேற்படிப்பு நாடி வரும் பிள்ளையின் காதில் விழும் முதல் அணியிலக்கணம் இதுவாயின், அப்பிள்ளை தன் சொல்லையும் ஊரையும் மறைக்கக் கற்கும், உவமை கற்காது. ஓர் உவமை ஒரு குடியையே தாழ்த்தக்கூடும். ஆதலின் உவமையைச் சுவைக்க மட்டுமன்று, உசாவவும் மாணாக்கர் கற்க வேண்டும். ஒப்பிட்டவர் யார்? எதில் ஒப்பிட்டார்? அவ்வொப்புமை உண்மையா? முன்பு சொன்ன ஐந்து வினாவோடு இம்மூன்றும் சேர்க.

மலைபடுகடாம் மலைமக்களை எவ்வாறு காட்டிற்று என்பதையும் காண்க. வழிநடையால் தளர்ந்த கூத்தர், மலைமக்கள் வாழும் சிற்றூரை அடைகின்றனர். முன்பின் அறியாத ஊர் அது. அங்கு எவ்வாறு புகுதல் வேண்டும் என்று வழிகாட்டும் கூத்தன் சொல்கின்றான்: நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், வாயிலில் நில்லாது உம் சொந்த வீட்டிற் புகுவது போலப் புகுங்கள், உரியவர் போலக் கேளாமலே கலந்துகொள்ளுங்கள். அவர்கள் உறவினராய் இன்சொற் கூறி, நெய்யிற் சமைத்த இறைச்சியும் தினைச் சோறும் படைப்பர் என்கின்றான்.

இவ்விடத்தும் 'போல' என்னும் உருபே வருகின்றது. வரகையும் கையையும் இணைத்த அதே சொல்வகை இங்கே வந்தவனையும் வீட்டுக்குடையவனையும் இணைக்கின்றது. அங்கு ஒத்தது வடிவம். இங்கு ஒத்தது உரிமை. அயலானை வீட்டுக்குடையவனாக ஆக்கிக் காட்டும் இவ்வுவமையைப் படைக்கப் புலவர்க்கு வாய்த்த நிலம் மலைநிலம். வாய்த்த மக்கள் மலைமக்கள். எவரைக் காட்டி இன்று இழிவுக்கு உவமை சொல்கின்றனரோ, அன்னோரைக் காட்டியே விருந்தோம்பலுக்கு உவமை சொன்னது தமிழ்.

ஆசிரியப் பெருமக்களே! இப்பாட்டின் இப்பகுதியைச் சவ்வாது மலைப் பள்ளிகளில் முதற்கண் படித்துக் காட்டுக. அதே பகுதியைச் சமவெளிப் பள்ளிகளிலும் படித்துக் காட்டுக. மலைப்பிள்ளை நிமிர்ந்து அமரட்டும். சமவெளிப் பிள்ளை தன் நாவிலுள்ள உவமையைத் திருத்திக்கொள்ளட்டும். அணியிலக்கணம் கற்றதன் பயன் அதுவே.